நாய்களுக்குச் சுட்ட அடை

எதிர்வீட்டுக் கனகமாலா நாய்களுக்குப் பலகாரம் சுடுகிறாள் என்று கேட்டபோதே எனக்குப் பிடிக்கவில்லை. மீந்த சோற்றைக் கொட்டுவது உலக வழக்கம். நாய்க்கென்று அடுப்பு மூட்டி, மாவு பிசைந்து, கல்லில் போட்டுத் திருப்பி எடுக்கிறவளை நான் அதுவரை பார்த்ததில்லை. காரணம் இல்லாமல் யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். என் புத்தி அப்படித்தான் போகும். என் வீட்டுக்காரர் வேணு, "நீ போலீசுல சேர்ந்திருக்கணும் சரசு" என்பார். அவர் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவார். நான் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஜாக்கெட் தைப்பேன். கை தைக்கும், கண் தெருவில் இருக்கும்.

கனகமாலாவும் அவள் புருஷன் ஜினராஜும் அந்த வருஷம் ஆடியில்தான் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து குடி வந்தார்கள். நயினார் வீட்டு ஜனங்கள், சமணர்கள். கறி மீன் கிடக்கட்டும், உருளைக்கிழங்குகூட வாங்க மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிடுவார்கள். தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் செய்கிறதை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து எனக்கே பாடமாகிவிட்டது. கேழ்வரகு மாவில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவாள். வேர்க்கடலையை வறுத்து உரலில் போட்டு இடிப்பாள். நாமெல்லாம் இரண்டு இடி இடித்து உடைத்துப் போடுவோம். இவள் பொடியாகும்வரை விடமாட்டாள். அந்தப் பொடியைச் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கை அகலத்துக்கு அடை தட்டுவாள். பூனைகளுக்குத் தனி. நெய் காய்ச்சிய கசண்டில் சோற்றைப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி வைப்பாள். சாயங்காலம் வெயில் தணிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். தெருநாய் ஐந்தும் என் சிப்பாயும் வாலை ஆட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும்.

சிப்பாய் என் நாய். ஒன்பது வயது, இடது காது கிழிந்தது. கட்டிப் போட்டு வளர்க்கவில்லை, தெருவில் பாதி வீட்டில் பாதி. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. வேணு வரும்வரை மெஷின் காலடியில் படுத்துக்கொண்டு நான் திட்டுவதையெல்லாம் கேட்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம், மலைமேல் ஏற்றும் கார்த்திகை தீபத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, லாண்டரி ஆதிமூலத்தின் நாய் குழாயடியில் செத்துக் கிடந்தது. வாயில் நுரை, கால் நாலும் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது.

"பூச்சி கடிச்சிருக்கும்" என்றேன்.

"பூச்சியாவது. வாயில உருண்டை இருந்திச்சி சரசு. மாவு உருண்டை. மோந்து பார்த்தா கருவாட்டு நாத்தம்" என்றார் ஆதிமூலம்.

மாவு உருண்டை என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே என் கண் எதிர்வீட்டுக்குப் போனது. கருவாட்டை நான் கவனிக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து கனகமாலா ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு அடை சுட ஆரம்பித்தாள். நாய் செத்தால் இரக்கப்பட்டுக் கம்மியாகச் செய்வாளா, ஜாஸ்தியாகச் செய்வாளா? அதோடு விட்டாளா? முன்பெல்லாம் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இப்போது கடைசி நாய் கடைசி வாயைத் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தாள். விரலை மடக்கி நாய்களை எண்ணினாள். ஒன்று வரவில்லையென்றால் முனைவரை போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

இன்னொன்றும் பார்த்தேன். விடியற்காலையில் வாசல் தெளிக்க எழுந்தால், அவள் எனக்கு முன்னால் தெருவில் இருப்பாள். துடைப்பம் ஒரு கையில், பழைய பேப்பர் ஒரு கையில். அவள் வாசலைப் பெருக்கினால் சரி, தெரு முழுக்கப் பெருக்குவானேன்? குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிப் பேப்பரில் மடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் அதை முந்தானைக்குள் மறைத்தாள்.

"இன்னாம்மா பொறுக்குற?" என்றேன்.

"குப்பைதான் அக்கா."

"குப்பையை எதுக்கு மடிச்சி எடுத்துட்டுப் போற?"

அவள் விடுவிடுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரமே பால்காரி வேதா வீட்டுப் பூனை போயிற்று. அன்று சாயங்காலம் நேராகவே கேட்டேன். "நாய்க்கு இவ்ளோ எதுக்கு போடற?"

"சாப்புடட்டும் அக்கா. இந்த நேரத்துல அதுங்க வயிறு காலியா இருக்கக் கூடாது" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தெருக்கோடியைப் பார்த்தாள். அது என்ன இந்த நேரம் என்று நான் ராத்திரியெல்லாம் யோசித்தேன்.

தெருக்கோடியில் ராமதாஸ் வீடு. தீபத்துக்கு வருகிற ஜனத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற எங்கள் தெருக் கமிட்டிக்கு அவர்தான் காரியதரிசி. கனகமாலா இருக்கும் வீடும் அவருடையதுதான். மனைவியின் ஜாக்கெட் துணியைக் கொடுக்க வந்தவரிடம் என் சந்தேகத்தைக் கொட்டினேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். மீசையைத் தடவினார்.

"உள்ள என்னா கலக்குறாங்களோ, யாருக்கும்மா தெரியும்?" என்றார். "நீங்க எதிர்லயே இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

அதுபோதும் எனக்கு. பெரிய மனுஷர் வாயிலேயே வந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

தீபத்துக்கு மூன்று நாள் இருந்தது. அன்று சாயங்காலம் உரலில் இடிக்கிற சத்தம் கேட்கக் கேட்க எனக்குத் தலைக்கு ஏறியது. அவள் தட்டோடு வாசலுக்கு வந்தாள். சிப்பாய் என் காலடியிலிருந்து எழுந்து ஓடியது. மெஷினை அப்படியே விட்டுவிட்டு நானும் ஓடினேன். தட்டைப் பிடுங்கினேன்.

"இதுல என்னா கலந்திருக்க?"

"அக்கா, கேவுரும் வெல்லமும்தான். குடுங்க அக்கா, நேரமாவுது."

"ஆதிமூலத்து நாய் எப்படி செத்திச்சி? வேதா வீட்டுப் பூனை எப்படி செத்திச்சி? விடியக்காலையில எதைப் பொறுக்கி மறைக்கிற?"

நான் கத்தினால் நாலு தெருவுக்குக் கேட்கும். ஆதிமூலம் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வந்தார். வேதா வந்தாள். ராமதாஸ் தன் வாசலில் நின்றபடியே பார்த்தார். கனகமாலா அவரை ஒரு தடவை பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். திருடி மாட்டிக்கொண்டவள் முழிக்கிற முழிதான் அது என்று எனக்குத் தோன்றியது.

"ஒண்ணும் கலக்கலன்னா நீ ஒரு வாய் தின்னு காட்டு" என்றேன்.

அவள் அண்ணாந்து மலையைப் பார்த்தாள். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

"பொழுது போயிடுச்சி அக்கா. நான் சாப்புட மாட்டேன்."

"உயிர் போற விஷயத்துல பொழுதாம் பொழுது. ஒரு வாய்தானே?"

"மாட்டேன் அக்கா. எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். ஆனால் நல்ல சாக்குக் கிடைத்தது அவளுக்கு என்றுதான் அப்போது நினைத்தேன். தட்டைச் சாக்கடையில் கவிழ்த்தேன். பூனை உருண்டைகளையும் சேர்த்துத்தான். வேதா கைதட்டாத குறை. கனகமாலா அழவில்லை. சாக்கடையைப் பார்த்துக்கொண்டு, "ஆறும் பட்டினி" என்றாள். எனக்கு அதுவும் நடிப்பாகவே பட்டது.

சிப்பாயை இழுத்துக்கொண்டு வந்து பின்கட்டில் கயிற்றால் கட்டினேன். குழம்புச் சோறு வைத்தேன். அடை ருசி கண்ட நாய், சோற்றை மூக்கால் தள்ளிவிட்டது. "பட்டினி கிட, புத்தி வரும்" என்று திட்டினேன். நான் அதனிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

காலையில் பார்த்தால் பாதிக் கயிறுதான் இருந்தது. கடைவாய்ப் பல் இல்லாத நாய், முன்பல்லாலேயே எவ்வளவு நேரம் கடித்ததோ.

தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. பக்கத்தில் கனகமாலா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். மடியில் பேப்பர் விரிந்திருந்தது. அதில் எட்டுப் பத்து மாவு உருண்டை. கருவாட்டு நாற்றம் எனக்கே குமட்டியது.

"தொடாதீங்க அக்கா. வாயில இன்னும் இருக்குது" என்றாள். "எல்லாத்தையும் பொறுக்கிட்டேன். இந்த ஒண்ணைப் பொறுக்குறதுக்கு முன்னால இது வந்துடுச்சி."

கருவாடு. நயினார் வீட்டு அடுப்பில் கருவாடு எப்படி வரும்? பத்து நாளாக என் மூக்கின் கீழேயே இருந்த கேள்வி அது.

"யாரு?" என்றேன்.

அவள் ராமதாஸ் வீட்டுப் பக்கம் தலையை அசைத்தாள். "ஆள் வெச்சி விஷம் போடறாரு. தீபத்துக்குள்ள தெருவுல நாய் இருக்கக் கூடாதாம். முதல் நாளே நான் பார்த்துட்டேன். அவரு வீட்டுல குடியிருக்கிறோம், வாயைத் தொறக்காதேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. வயிறு ரொம்பின நாயின்னா மோந்து பார்த்துட்டுப் போயிடும். பசியோட இருந்தாத்தான் முழுங்கும். அதுக்காவத்தான் வயிறு முட்டப் போட்டேன். மிச்சத்தைக் காலையில பொறுக்கினேன்."

நேற்று ஆறு நாயையும் பட்டினி போட்டது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வேணு அன்று லீவு போட்டார். ஏரிக்கரையில் குழி வெட்டிச் சிப்பாயைப் புதைத்தோம். திரும்பும் வழியில் ராமதாஸ் மனைவியின் ஜாக்கெட் துணியை அவர் வாசலில் எறிந்தேன். அவர் வெளியே வந்தார்.

"எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏன்யா என்கிட்ட அவங்களைச் சொன்னே?" என்றேன்.

"நான் எங்கம்மா சொன்னேன்? சந்தேகப்பட்டது நீங்க. ஊர் நல்லதுக்கு கமிட்டி ஒரு முடிவு எடுத்திச்சி. வர்ற ஜனத்தை நாய் கடிச்சா யார் பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி நிஜம். வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

பத்து மணி வாக்கில் கனகமாலா என் வாசல்படி ஏறி வந்தாள். அதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. கையில் தட்டு, அதில் ஒரே ஒரு அடை. சூடாக இருந்தது. வெயில் அவள் முகத்தில் அடித்தது. என் காலடியில் காலியாக இருந்த இடத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"நேத்து சாப்புடச் சொன்னீங்க. பொழுது போயிருந்திச்சி. இப்ப பாருங்க" என்றாள்.

அடையை இரண்டாகப் பிட்டாள். பாதியை என் கண்ணெதிரில் மென்று விழுங்கினாள். மீதிப் பாதியோடு தட்டை மெஷின் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ரொம்ப நேரம் அதைத் தொடவில்லை. பிறகு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உப்பில்லை, இலேசான இனிப்பு. மெல்லவே வேண்டியிருக்கவில்லை, நாக்கில் பட்டதும் கரைந்தது. ஒரு வேர்க்கடலைகூடப் பல்லில் படவில்லை. அப்போதுதான் அந்த உரல் சத்தம் புரிந்தது. சிப்பாய்க்குக் கடைவாய்ப் பல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.