சுகுணா பஸ்ஸை நிறுத்திய வளைவு

1

இந்தக் கதை சோளக்காட்டிலிருந்து மலையிறங்கும் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் சுகுணா. வளப்பூர் நாடு என்கிற மலையூர்க்காரி, நிறைமாதத்தை நெருங்கியவள். ஒரு கொண்டை ஊசி வளைவில் சட்டென்று எழுந்து, "ஏனுங்க டிரைவரண்ணா, நிறுத்துங்க!" என்று கத்தினாள். வாந்தி என்று நினைத்து யாரோ எலுமிச்சம்பழம் நீட்டினார்கள். மரியாதைக்கு அதை வாங்கிக்கொண்டு புதருக்குள் ஓடினாள்.

("மலைமேல் மேகம் தவழ்ந்த காலை" என்றுதான் தொடங்கியிருந்தேன். அடித்துவிட்டேன். மேகம் பார்க்க அவளுக்கு நேரமில்லை.)

2

திரும்பி வந்து என் காதில் சொன்னாள்: "வாந்தி இல்லீங்கக்கா. அடக்க முடியலீங்க."

முதல் பிரசவத்தில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்களாம். அப்போது கிழிந்து தைத்த இடம் இன்றுவரை…

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கண்ணியமான சொல் அகப்படவில்லை. சுகுணாவுக்கு அந்தக் கவலை இல்லை: "காத்தும் நிக்காது, வயிறு கலக்குனா அதுவும் நிக்காதுங்க.")

"ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னியா கண்ணு?"

"எப்படிங்க சொல்றது? விசேஷத்துக்கு வரமாட்டேங்கறேன்னு திமிர் புடிச்சவன்னு திட்டறாரு."

3

அவள் கணவன் தனபாலை முதலில் கொடுமைக்காரனாக எழுதினேன். கதை நன்றாக ஓடியது. ஆனால் அடுத்த வாரம் பரிசோதனைக்கு அவள் என்னையும் கூப்பிட, அடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவனை நேரில் பார்த்ததும் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

சுகுணா என் கையை விடாமல் உள்ளே இழுத்துப் போனாள்; தனபாலும் பின்னாலேயே வந்தான். டாக்டர் கலைச்செல்வி சோதித்துவிட்டு, "ஏன் இத்தனை நாளாச் சொல்லல?" என்றார்.

"பையன் எத்தனை கிலோன்னு எல்லாரும் கேட்டாங்க. இத யாரும் கேக்கலீங்க."

"உள்ள தசை சரியாக் கூடல. மறுபடி அதே வழியில பெத்தா இன்னும் மோசமாகலாம், ஆகாமலும் போகலாம். ஆபரேஷன்னா தசைக்கு அடி படாது. ஆனா அதுக்கும் ஆபத்து உண்டு, இப்ப இருக்கறத அது சரி பண்ணாது. அதுக்குத் தனியா வைத்தியம் இருக்கு. எப்படிப் பெக்கறதுன்னு நீ யோசிச்சு சொல்லு."

தனபால் வாயைத் திறந்தான்.

"அப்ப… மச்சான் கல்யாணத்துல அடிச்ச நாத்தம்… அது எங்க பெரியப்பா இல்லீங்களா? அன்னையிலருந்து அவரு பக்கத்துல நான் உக்கார்றதே இல்லீங்களே!"

டாக்டர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் சுகுணா. "சிரிக்க வெக்காதீங்க சாமி!" என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். தனபால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பில் வந்த தண்ணீர் மட்டுமல்ல அது.

4

இரண்டு முடிவுகள் எழுதிவைத்தேன். ஒன்றில் ஆபரேஷன், ஒன்றில் சுகப்பிரசவம். இரண்டிலும் குழந்தை அழகாக அழுதது. படித்துக் காட்டப் போன் செய்தேன்.

"நீங்க பாட்டுக்குப் பெத்துப்புடாதீங்கக்கா. நான் இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்."

ஆகவே முடிவு என்னிடமில்லை. நீங்கள் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அவளிடம் கேட்டுக்கொண்டு.

போனை வைக்கும் முன் அவளே சொன்னாள்: "ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலுக்குப் போறோமுங்க. கக்கூசு எங்க இருக்கு, தண்ணி வருதான்னு அவரே முன்னாடி போயிப் பாத்துட்டு வந்துட்டாரு."