செத்தவீட்டுக்கு வந்த சகோதரர்கள்

மூன்று கிரேக்க எழுத்துகள் பொறித்த மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு ரதீசன் முதன்முதலாக மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக்கு வந்தபோது, அதை எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்த ஒரே ஆள் கீழ்வீட்டில் இருந்த கிரேக்கக் கிழவர்தான். அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர். கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை வாசித்துவிட்டு, இதற்கு ஒரு பொருளும் இல்லையே என்று கவலைப்பட்டார். ரதீசனுக்கும் பொருள் தெரியாது. சேர்ந்த அன்று ஒருவன் காதுக்குள் இரகசியமாகச் சொன்னான். சொன்னவனுக்கே பாதிதான் ஞாபகம் இருந்தது.

டவுன்டவுனில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், மூன்று மாடிக் கல்வீடு ஒன்றில் இருந்தது அந்தச் சங்கம். ஃபிராட்டர்னிட்டி என்பார்கள். ஆண் மாணவர்கள் சிலர் கையில் மெழுகுதிரி பிடித்துச் சத்தியம் செய்து, சாகும்வரை நாங்கள் சகோதரர்கள் என்று சொல்லிவிட்டு, ஒரே வீட்டில் குடியிருந்து ஒருவன் பாலை மற்றவன் எடுத்துக் குடிப்பார்கள். படித்து முடித்து வெளியேறியவர்களும் சகோதரர்கள்தான். அவர்களுடைய படங்கள் ஆண்டுவாரியாகச் சுவரில் தொங்கின.

தாய் நல்லம்மா பிள்ளையை மதம் மாற்றிவிட்டார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. தகப்பன் அருளம்பலத்துக்கோ விஷயம் உடனே பிடிபட்டது. அவர் தன் யாழ்ப்பாணத்துக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு மொன்றியல் கிளைச் செயலாளர். அந்தக் கிளை ஒன்றாக இருந்து, ஆண்டு விழாவில் யார் விளக்கேற்றுவது என்ற பிரச்சினையில் இரண்டாகியிருந்தது; இவர் இரண்டுக்கும் தானே செயலாளர் என்று சொல்லிக்கொள்வார், இரண்டும் மறுக்கும். "பழைய மாணவர் சங்கம்தானே, அதைச் சொல்லன்," என்றார் மகனிடம். "ஆள்பழக்கம் இருந்தால்தான் இந்த நாட்டில வேலை."

ரதீசன் சேர்ந்ததும் அதற்காகத்தான். ஒளிப்பானேன்? பொறியியல் மூன்றாம் ஆண்டு. கோடைகாலத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை பழகாவிட்டால், படிப்பை முடித்த பிறகு ஏறெடுத்துப் பார்க்க ஆளிராது. அந்தக் குளிர்காலம் மட்டும் நாற்பது விண்ணப்பம் எழுதியிருந்தான். எல்லாவற்றிலும் உண்மையே எழுதினான். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அவனுடைய நம்பிக்கை முழுவதும் ஒரே ஒரு பழைய சகோதரர் மேல் இருந்தது. ஆர்ச்சிபோல்ட் கார்டினர், ஐம்பத்து மூன்றாம் ஆண்டு வெளியேறியவர், பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றின் சொந்தக்காரர். வியாழன்தோறும் இரவுச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வருவார். அவரிடம் இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று, ஐம்பத்தோராம் ஆண்டு ஒரு பியானோவை மேல்மாடிக்கு ஏற்றப்போய் அது படிக்கட்டில் இறுகிவிட, அந்தக் குளிர்காலம் முழுவதும் சகோதரர்கள் ஏணி வைத்து ஜன்னல் வழியாகப் போய்வந்த கதை. மற்றது, வடக்கே அவர் கட்டிய பாலத்தில், அமைச்சர் நாடா வெட்டுவதற்கு முன்பே மூஸ் என்ற பெரிய காட்டு மான் ஒன்று நடந்து கடந்த கதை. மற்றப் பையன்கள் பியானோ என்ற சொல் காதில் விழுந்ததுமே தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவார்கள். ரதீசன் மட்டும் இருந்து கேட்டு, சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பான். பழைய மாணவர் கதைகளைப் பால்குடியிலிருந்தே கேட்டு வளர்ந்தவனுக்கு அது ஒரு வேலையா?

தை மாதம் ஒரு வியாழன் கார்டினர் கிழவர் அவன் தோளில் கை வைத்தார். கோடைக்கு நம்முடைய நிறுவனத்துக்கு வா, மார்ச் மாதம் கடிதம் தருகிறேன் என்றார். அருளம்பலம் அந்தச் செய்தியை இரண்டு சங்கங்களுக்கும் அன்றைக்கே அறிவித்துவிட்டார்.

பெப்ரவரி கடைசி வாரம் ஆர்ச்சி கார்டினர் போய்ச் சேர்ந்தார்.

சங்கத் தலைவன் தியெரி என்ற கியூபெக் பையன். அவன் எல்லோருக்கும் மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பினான். கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கச் சொன்னான். குளிரில் கயிறு உறைந்துபோயிருந்ததால் கொடி உச்சியிலேயே நின்றது. அத்தோடு துக்கம் முடிந்தது.

ரதீசனுக்கு முடியவில்லை. கடிதம் எழுதவேண்டிய கை போய்விட்டாலும், நிறுவனம் எங்கே போகும்? மகன் ஒருவர் இருப்பார், செத்தவீட்டில் நிற்பார், யார் வந்தார்கள் என்று பார்ப்பார். நம் ஆட்கள் கலியாணத்துக்குப் போகாததை மன்னித்தாலும் செத்தவீட்டுக்குப் போகாததை மன்னிப்பதில்லை. ஆங்கிலப் பத்திரிகையில் அறிவித்தலைத் தேடி எடுத்தான். இறுதிச் சடங்கு குடும்பத்தினருடன் மட்டும், மலர்களைத் தவிர்க்கவும் என்று போட்டிருந்தது.

தகப்பனிடம் காட்டினான். அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. "அது எல்லாரும் போடுறதுதான். எங்கட கலியாணக் கார்ட்டிலயும் அன்பளிப்பு வேண்டாம் எண்டு அடிக்கிறம். ஆரும் வெறுங்கையோட வாறவையே?" என்றார். ரதீசனுக்கும் அது நியாயமாகவே பட்டது. செத்தவீட்டுக்கு ஆள் வரவேண்டாம் என்று உண்மையாகவே சொல்லக்கூடிய ஒரு சனம் உலகத்தில் இருக்கும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

சகோதரர்களைக் கிளப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. ரதீசன் சத்தியத்தை ஞாபகப்படுத்தினான். சாகும்வரை என்றுதானே சொன்னோம், அவர் செத்தாயிற்று, இனி நம் உறவு முடிந்தது என்று ஒருவன் வாதாடினான். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லும் முதல் ஆளாக இருக்க எவனுக்கும் துணிவில்லை. அப்படியே ஒன்பது பேரும் கோட்டுப் போட்டுக் கிளம்பினார்கள். பத்தாவது ஆள் அருளம்பலம். உங்களுக்கு முறை தெரியாது என்று சொல்லித் தானாகவே வந்தார். முக்காலியில் நிற்கும் மலர்வளையம் ஒன்றும், கதவுப் பாதியளவு கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஒன்றும் கொண்டுவந்தார். பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ் அச்சகத்தில் வாசகம் எப்போதும் தயாராக இருக்கும், பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். சங்கச் சுவரிலிருந்து கழற்றிய படத்தில் இருபத்திரண்டு வயது ஆர்ச்சி புகைச் சுங்கானை வாயில் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாசமிகு அண்ணனாய் எம்மை வழிநடத்தி, எம்மை ஆறாத்துயரில் ஆழ்த்திச் சென்ற அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கின்றோம் என்று கீழே இருந்தது. இங்ஙனம், சகோதரர்கள்.

இறுதிச் சடங்கு மண்டபத்துக்குள் நுழைந்தபோது அங்கே நான்கு பேர்தான் இருந்தார்கள். விதவை, மகன், மருமகள், பாதிரியார். பத்துப் பேர் பூட்ஸில் ஒட்டிய பனியை உதறியபடி வரிசையாக உள்ளே போனார்கள். அருளம்பலம் யாரையும் கேட்காமல் மலர்வளையத்தைப் பெட்டியின் தலைமாட்டிலும் அஞ்சலியைக் கால்மாட்டிலும் நிறுத்திவிட்டு, கைகூப்பிக் கண்ணை மூடினார். மகன் பீட்டர் மெல்ல எழுந்து வந்து, நீங்கள் யார் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சகோதரர்கள் என்றான் ரதீசன். அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது என்றார் அவர். விளக்கி முடிப்பதற்குள் மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவனை எழுப்புகிற பழக்கம் அந்த வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு இல்லை.

யாராவது ஓரிரு வார்த்தை பேச விரும்புகிறீர்களா என்று பாதிரியார் கேட்டார். நம்மிடையே என்றால் ஒலிவாங்கிக்கு அடிபாடு நடந்திருக்கும். இங்கே ஒருவரும் அசையவில்லை. அருளம்பலம் முழங்கையால் மகனை இடித்தார்.

ரதீசனுடைய பையில் பத்து நிமிடப் பேச்சு தயாராக இருந்தது. வாசிக்கத் தொடங்கியபோதுதான், இந்த மனிதரைப் பற்றித் தனக்கு இரண்டு கதைக்கு மேல் ஒன்றும் தெரியாது என்பது அவனுக்கு உறைத்தது. பியானோக் கதையைச் சொன்னான். ஏணியில் ஏறியவர்கள் வரிசையாக ஜன்னலுக்குள் விழும் இடத்தில் விதவை சத்தமாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மூஸ் கதைக்கும் சிரித்தார். அந்தத் துணிச்சலில் ரதீசன் கடைசி வசனத்துக்கு வந்தான். தந்தை கட்டிய நிறுவனத்தை மகன் பீட்டர் தொடர்ந்து நடத்துவார், அதற்குத் தோள்கொடுக்க இளைய சகோதரர்கள் ஆயத்தமாக இருக்கிறோம் என்று முடித்தான். பீட்டரின் முகம் ஒரு மாதிரி ஆனது.

தேநீர் தரும்போது, அருளம்பலம் அந்தப் பக்கம் பாதிரியாரோடு கதைத்துக்கொண்டு நிற்க, பீட்டர் விஷயத்தை உடைத்தார். நிறுவனம் விற்று ஆறு வருஷமாகிறது. தான் ஒட்டாவாவில் பல் வைத்தியர். வாங்கியவர்கள் ஆலோசனை கேட்கக் கூப்பிடுகிறார்கள், அலுவலகம் போகிறேன் என்று சொல்லித்தான் அப்பா வியாழன் தோறும் வீட்டிலிருந்து புறப்படுவார். அங்கே இரவுவரை கூட்டம் என்று அம்மா நம்பி, ரொட்டிக்குள் முட்டை வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். எங்கே போனார் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது என்றார்.

ரதீசனுக்கு முதலில் வந்தது கோபம். பெட்டிக்குள் கிடந்த மனிதரை எழுப்பிக் கேட்கவேண்டும் போல இருந்தது. ஒரு வருஷ வியாழக்கிழமைகள், ஒரே இடத்தில் அத்தனை சிரிப்பு. பிறகு மெல்ல வெட்கம் வந்தது. வேலை வேண்டி இவன் சிரித்தான். சிரிக்க ஒரு ஆள் வேண்டி அவர் வேலை தருவதாகச் சொன்னார். இதில் யார் யாரை ஏமாற்றியது?

பீட்டர் குரலை இன்னும் தாழ்த்தினார். போன வருஷமும் ஒரு பையன் அப்பாவின் கடிதத்தோடு நிறுவனத்தை வாங்கியவர்களிடம் போய் நின்றானாம். பெரிய சங்கடமாகிவிட்டது. "உனக்கும் ஏதாவது வாக்குக் கொடுத்தாரா?" என்று கேட்டார். விதவை கோப்பையைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

"இல்லை," என்றான் ரதீசன். "அப்படி ஒன்றும் சொன்னதில்லை."

தியெரி வாயைத் திறந்து மூடினான். அவனுக்கும் கிழவர் மார்ச் மாதம்தான் கடிதம் தருவதாக இருந்ததாம். அதைப் பிறகு வெளியே காரடியில் ரதீசனின் காதுக்குள் சொன்னான்.

அப்படியென்றால் நீங்கள் அவருக்காகவே வந்தவர்கள் என்றார் திருமதி கார்டினர். அஞ்சலியின் முன்னால் போய் நின்று, தனக்குத் தெரியாத எழுத்துகளை ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகு ரதீசனின் கையைப் பிடித்து, வியாழக்கிழமைகளில் ஆர்ச்சி என்னைப் பற்றி ஏதாவது பேசுவாரா என்று கேட்டார்.

தனக்கு ஒரு மனைவி இருக்கிறாள் என்று ஆர்ச்சி ஒரு வியாழனும் சொன்னதில்லை. "பேசுவார். நெடுகவும் பேசுவார்," என்றான் ரதீசன். என்ன பேசுவார் என்று அவர் கேட்டார். சொன்னால் நேரமாகும் என்று இழுத்தான். அவர் விடவில்லை. அப்படியானால் எழுதி அனுப்பு என்று வெஸ்ட்மவுண்ட் முகவரியை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது அருளம்பலத்துக்கு நல்ல திருப்தி. நல்ல ஆட்கள், மரியாதை தெரிந்த ஆட்கள், ஆனால் சனம் காணாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மெட்ரோ நிலையத்தைத் தாண்டும்போது, வேலைக் கதை கதைத்தாயா என்று கேட்டார். கடிதம் பேந்து, கொஞ்ச நாளில் வரும் என்றான் மகன். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. பல் வைத்தியர் கதையைச் சொன்னால் இரண்டு சங்கங்களின் முகத்திலும் அப்பா எப்படி முழிப்பார் என்ற இரக்கமாக இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் இருந்து எழுதினான். உங்கள் முட்டை ரொட்டியைப் பற்றிச் சொல்வார். நீங்கள் சிரிக்கும்போது வாயைப் பொத்துவதைப் பற்றிச் சொல்வார். பாலத்துக்கு அளவெடுக்கப் போன இடத்தில் குளிர் பொறுக்காமல் உங்களை நினைத்துக்கொண்ட கதையைச் சொல்வார். ஒரு பக்கம் என்று நினைத்துத் தொடங்கியது நான்கு பக்கமாயிற்று. கைக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. விண்ணப்பங்களில் ஒரு வசனத்துக்கு அரைமணி நேரம் பேனையைக் கடித்தவன் இவன்.

வெள்ளிக்கிழமையே பதில் வந்துவிட்டது. அதை அஞ்சல் பெட்டியிலிருந்து எடுத்து வந்தவர் அருளம்பலம். தடித்த உறை, ஆங்கிலக் கையெழுத்து, வெஸ்ட்மவுண்ட் முகவரி. சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து நீட்டினார்.

ரதீசன் பிரித்து வாசித்தான். சின்னக் கடிதம்தான். ஆர்ச்சி இப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும், ஐம்பது வருஷம் கூட இருந்தவள் நான் என்று எழுதியிருந்தார். ஆனாலும் நான்கு பக்கத்தையும் மூன்று தடவை வாசித்தேன். நீ நன்றாக எழுதுகிறாய்.

வாசித்து முடித்துவிட்டு மறுபடியும் முதல் வரிக்கு வந்தான். கண் கலங்கியது. அதைத் தகப்பன் வேலை கிடைத்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு சங்கங்களுக்கும் அறிவிக்கத் தொலைபேசியை எடுக்க அவர் கை அந்தரப்பட்டது.

"கடிதம் வந்திட்டுது, என்ன?" என்றார். "என்ன எழுதியிருக்கு?"

"நான் நல்லா எழுதுறனாம், அப்பா," என்றான் ரதீசன்.