பாலமுரளியின் முப்பத்திரண்டு சத்தங்கள்

இசை அழிவற்றது. யுகங்கள் அழியும், மலைகள் மண்ணாகும், நாதம் மட்டும் நிற்கும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மதுரை சுயம்பு இசைக்குழுவைப் பொறுத்தவரை, எட்டணாக் காசு அகலத்தில் இருந்த ஒரு பேட்டரி தீரும்வரை நின்றது.

அது தீர்ந்தது 1998 புரட்டாசியில், உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு காளியம்மன் கோயில் பொங்கலன்று, மத்தியானம் மூன்றே முக்கால் மணிக்கு. கச்சேரி ஆறு மணிக்கு.

சுயம்பு என்றால் தானாகத் தோன்றியது. குழுத் தலைவர் நாகசுப்பிரமணியன் ஒவ்வொரு மேடையிலும் இதைப் பத்து நிமிடம் விளக்குவார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவரே. சினிமாப் பாட்டை நாக்கால் தொடுவதில்லை, சொந்தப் பாட்டு மட்டுமே என்பது குழுவின் விரதம். அதனால் யாரும் கச்சேரிக்குக் கூப்பிடாமல் மற்ற நாளெல்லாமும் விரதமாகவே போய்க்கொண்டிருந்தது. இந்த ஊர்க் கமிட்டித் தலைவர் நல்லகாமன் அவர் கடையின் நெடுநாள் வாடிக்கையாளர். போன தீபாவளிக்கு அவர் சேலை எடுக்கப் போன இடத்தில் குழுக்காரர்கள் மேடை கேட்டுவிட்டார்கள். அவருக்கு முகத்துக்கு நேரே மறுக்க வாய் வரவில்லை.

குழுவின் உயிர்நாடி பாலமுரளி என்று நாகசுப்பிரமணியன் சொல்வார். பாலமுரளிக்குக் காமராசர் சாலையில் நூல்கடை. அரிசி மூட்டை கனத்தில் அவனிடம் ஒரு ஜப்பான் பெட்டி இருந்தது. எண்பத்து நாலில் செய்த கீபோர்டு. அதில் முப்பத்திரண்டு சத்தங்கள். ஒவ்வொன்றும் தானே ராத்திரி பகலாகக் கண்விழித்துச் செய்தது என்பது அவன் கூற்று. மகரந்தம், நீல இருள், அரைத்தூக்கம், பிரளயம் என்று பேரும் வைத்திருந்தான். வாசிக்கும்போது பொத்தான்கள் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வான். எந்த எண்ணை அமுக்குகிறோம் என்று அடுத்த குழுக்காரன் பார்த்துவிட்டால் சத்தம் களவு போய்விடும் என்பது மதுரைக் கீபோர்டுக்காரர்கள் எல்லோருக்கும் இருந்த பயம். மற்றவர்களுக்குச் சத்தம் களவு போகுமே என்று பயம். பாலமுரளிக்கு, அது ஏற்கெனவே களவு என்று தெரிந்துவிடுமே என்று பயம்.

முப்பத்திரண்டையும் செய்தவர் தூத்துக்குடி ரொசாரியோ. மாதாகோயிலில் வாசித்துக்கொண்டிருந்தவர். மஸ்கட்டுக்குப் போகும்போது பெட்டியை இவனிடம் விற்றுவிட்டுப் போனார். பாலமுரளி செய்தது பேர்மாற்றம் மட்டும். ஒரு சத்தத்தை எப்படிச் செய்வது என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது.

குழுவில் இன்னொரு கீபோர்டுக்காரன் கார்த்திகேஷ். புதுசாக வாங்கிய பெட்டி, தாளமே தானாக வரும். அவனை நாகசுப்பிரமணியன் எல்லார் முன்னாலும் இடித்துப் பேசுவார். "உன்னுது கடையில வாங்குன சத்தம்டா. டீக்கடை பிஸ்கோத்து மாதிரி எல்லார் கையிலயும் இருக்கும். பாலு கையைப் பாரு, சுயம்பு!" கார்த்திகேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு பாலு கையைப் பார்ப்பான். அங்கே துண்டு இருக்கும்.

அந்த மத்தியானம் நாகசுப்பிரமணியனும் கார்த்திகேஷும் நல்லகாமன் வீட்டுப் பந்தியில் இருந்தார்கள். பாலமுரளி மேடையில் பெட்டியை வைத்து சுவிட்சைப் போட்டான். மகரந்தத்தை அமுக்கினான். 'பூம்' என்று டவுன்பஸ் ஹாரன் மாதிரி ஒரு சத்தம் வந்தது. நீல இருள். பூம். பிரளயமும் பூம். முப்பத்திரண்டும் அதே பூம். ஆரப்பாளையத்திலிருந்து வேனில் குலுங்கி வந்த பெட்டிக்குள், நினைவைத் தாங்கிக்கொண்டிருந்த பேட்டரி உயிரை விட்டிருந்தது.

அவன் துண்டை இழுத்துப் பெட்டியை மூடினான். சத்தம் போனால் போகட்டும். நாகசுப்பிரமணியன் வந்து, "அதனால என்னடா பாலு, நீ செஞ்சதுதானே, ரெண்டு மணி நேரம் இருக்கு, திரும்பச் செய்" என்பார். அதைத்தான் நினைக்க முடியவில்லை.

ரொசாரியோ பெட்டியோடு ஒரு கேசட் கொடுத்திருந்தார். முப்பத்திரண்டு சத்தங்களின் கணக்கும் அதில் வெறும் இரைச்சலாகப் பதிந்திருந்தது. "பேட்டரி செத்துச்சுன்னா இதை ஓட்டி, ஒயரைப் பொட்டிக்குள்ள குத்து. நாலு நிமிசத்துல எல்லாம் திரும்பி வந்துரும்" என்று சொல்லியிருந்தார். கேசட் பையில் இருந்தது. ஓட்டுவதற்கு அந்த ஊரில் ஒரே ஓர் இடம்தான். மேடைக்குப் பின்னால், தார்ப்பாய்க்குக் கீழே மைக்செட் அழகுமலை, ஊரெங்கும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில் இடைவிடாமல் பாட்டு ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அழகுமலையண்ணே, ஒரு கேசட்டு ஓட்டணும்."

"ஓட்டுவோம். யாரு பாட்டு?"

"பாட்டு இல்லண்ணே. அது ஒரு மாதிரிச் சத்தம். வெளியில கேக்கக் கூடாது."

அழகுமலை வாயிலிருந்த பீடியை எடுத்தார். "வெளியில கேக்கக் கூடாத கேசட்டா? ஏப்பா, பாக்க நல்ல குடும்பத்துப் புள்ள மாதிரி இருக்க. கோயில் வேலைக்கு வந்த எடத்துக்கு அந்த மாதிரிக் கேசட்டெல்லாமா கொண்டாருவ?"

"ஐயோ, அது இல்லண்ணே! பொட்டிக்கு மருந்து மாதிரிண்ணே. பொட்டிக்குள்ள மட்டும் போகணும். நாலே நிமிசம் கொழாயை நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டவா?" அழகுமலை எழுந்தே விட்டார். "காப்புக் கட்டி எட்டு நாளாச்சு. மொளப்பாரி கரைக்கிற மட்டும் கொழா வாய மூடக் கூடாது, தெரியுமா? போன வருசம் கருப்பு மைக்செட்டு. சோறு திங்கப் போனவன் கேசட்டு மாத்த மறந்துட்டான். அஞ்சு நிமிசம் அமந்துபோச்சு. ஊருல பெரிய சாவு விழுந்திருச்சுன்னு பக்கத்து ஊர்லருந்து மாலையோட வந்துட்டாய்ங்க. இந்த வருசம் மைக்செட்டு யாரு?"

"நீங்கண்ணே."

"ஏன்?"

பாலமுரளிக்குப் புரிந்தது. அழகுமலை மனமிரங்கி ஒரு வழி சொன்னார். "ஒரு கம்பி உன் பொட்டிக்கு. ஒரு கம்பி கொழாய்க்கு. ரெண்டுலயும் ஓடட்டும். சம்மதம்னா குடு."

மணி நாலேகால். வேறு வழி இல்லை. பாலமுரளி கேசட்டைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பெட்டியில் குத்தி, துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு மண்டியிட்டான்.

புளியமரத்திலும் வேப்பமரத்திலும் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியிலும் கட்டியிருந்த பதினாலு குழாய்களிலும் அது புறப்பட்டது. முதலில் கீ என்று ஒரே நேர்கோடு. பிறகு அந்தக் கோட்டை யாரோ ரம்பத்தால் அறுக்கத் தொடங்கினார்கள். கரகரவென்று, கீச்கீச்சென்று, தகரக் கூரை மேல் ஒரு கூடை உயிருள்ள பல்லியைக் கொட்டிக் கிளறியது போல. தொழுவத்தில் மாடுகள் எழுந்தன. சாமியாடிக்கு நேரம் தப்பி அருள் வந்து, தப்பு என்று தெரிந்து நின்றது.

மாவிளக்குக்கு இடித்த மாவு கையோடு அன்னக்கொடி ஓடி வந்தாள். "எவண்டா அவன், மில்லுல அரிசிக்குப் பதிலா ஆணியப் போட்டவன்?"

துண்டுக்குள் பெட்டியில் சிவப்பு எண் ஒன்றிலிருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. நாலு. அஞ்சு.

எச்சில் கையோடு நாகசுப்பிரமணியன் வந்து சேர்ந்தார். பின்னாலேயே கார்த்திகேஷ். "என்னடா இது, பாலு?"

"தொடக்க இசைண்ணே."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"திடீர்னு தோணுச்சுண்ணே" என்றான்.

அந்த ஒரு சொல் போதும். நாகசுப்பிரமணியனின் முகம் கற்பூரம் ஏற்றியது போல ஆனது. "தோணுச்சா? தானாவா?" அழகுமலையிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார். அந்த இரைச்சலுக்கு மேல் அவர் குரல் ஊரெங்கும் விரிந்தது. "பெரியோர்களே, தாய்மார்களே! நீங்கள் இப்போது செவிமடுத்துக்கொண்டிருப்பது பிரபஞ்ச நாதம். அண்டம் வெடித்தபோது எழுந்த முதல் ஓசையை, எங்கள் பாலமுரளி தம் தவத்தால்..."

ஒன்பது. பத்து.

கார்த்திகேஷ் பக்கத்தில் குந்தினான். ஊர்க்காரர்களுக்குப் புரியாதபடி, தமிழல்லாத தங்கள் வீட்டுப் பாஷையில், காதோடு கேட்டான். "அண்ணே, சத்தம் பொட்டிலருந்துதானே வெளிய வரணும்? கம்பி ஏன் உள்ள போகுது?"

"நாதம் திரும்பிப் போய்ச் சேரணும்டா."

"எங்க போய்ச் சேரணும்?"

"வாயை மூடுடா."

பத்தொன்பது. நல்லகாமன் வந்துவிட்டார். "மொதலாளி, ஒடனே நிப்பாட்டச் சொல்லுங்க. மேலத்தெரு மாடு பூராம் அத்துக்கிட்டு ஓடுது."

பாலமுரளி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பாதியில் நின்றால் ஒன்றுமே ஏறாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இன்னொரு முறை ஓட்ட இந்த ஊர் அவனை உயிரோடு விடாது.

நாகசுப்பிரமணியன் மைக்கை மூடாமலே சொன்னார். "இடையில் நிறுத்தலாகாது! நாத பங்கம்! அம்மனுக்கு ஆகாது!"

நல்லகாமன் திகைத்தார். "ஆத்தாளுக்கு ஆகாதா?"

"என் எருமைக்கு ஆகலையே" என்றாள் அன்னக்கொடி. "சாயங்காலம் கறக்கலன்னா இந்தத் துண்டு போட்ட ஆளு வந்து மடியப் பிடிப்பாரா?"

"சும்மா இரு தாயி. சாமி காரியம்ங்கிறாரு. ஓடட்டும், ஓடட்டும்."

அன்று வரை நாகசுப்பிரமணியனின் மேடைப்பேச்சைப் பாலமுரளி மனசுக்குள் ஏசாத நாள் இல்லை. இப்போது அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

இருபத்தொன்பது. கார்த்திகேஷ் துண்டின் நுனியைப் பிடித்தான். "தொடாத, ஷாக் அடிக்கும்" என்றான் பாலமுரளி. போன வருசம் வண்டியூரில் ஒரு மைக் கம்பி கார்த்திகேஷைத் தூக்கி எறிந்திருந்தது. கை தானாக விலகியது.

முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. எண் மறைந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இங்கிலீஷில் சின்னதாக ஓர் எழுத்துவரி எரிந்தது. பாலமுரளி துண்டுக்குள்ளேயே ஒலியைத் தணித்து மகரந்தத்தை அமுக்கி, காதை வைத்துக் கேட்டான். மகரந்தம்தான். கண்ணில் தண்ணீர் கட்டியது.

அப்போது பதினாலு குழாய்களிலும் தூத்துக்குடிக் குரல் ஒன்று கனைத்தது.

"ஹலோ. ரொசாரியோ பேசுதேன். இந்த முப்பத்திரண்டு சத்தத்தையும்..."

பாலமுரளி தார்ப்பாய்க்குள் பாய்ந்த வேகத்தில் கேசட் நின்றது, பொத்தானும் கையோடு வந்துவிட்டது. எட்டு நாளில் முதல்முறையாக ஊர் அமைதியானது. அந்த நிம்மதி தாங்காமல் ஊரே கை தட்டியது. அன்னக்கொடிகூட மாவு பறக்கத் தட்டினாள். "கேட்டாயா பாலு! பாமரனுக்கும் புரியுதுடா!" என்று நாகசுப்பிரமணியன் அவனைக் கட்டிக்கொண்டார். அழகுமலை மட்டும், "பொத்தான், பொத்தான்" என்று கத்திக்கொண்டே வேறு கேசட்டைச் சொருகி விரலால் அமுக்கிப் பிடித்தார்.

"கடைசியில பேசுனது யாருண்ணே?" என்றான் கார்த்திகேஷ்.

"மைக் டெஸ்டிங்" என்றான் பாலமுரளி.

கார்த்திகேஷ் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "அந்தச் சத்தத்தை எனக்கும் சொல்லித் தாங்கண்ணே" என்றான். இரண்டு வருடத்தில் அவன் பாலமுரளியிடம் பணிந்து ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

கச்சேரி இரண்டு மணி நேரம் நடந்தது. சுவிட்ச் அணைந்தால் எல்லாம் மறுபடி போய்விடும் என்பதால் பாலமுரளி கீபோர்டின் கட்டைகளைப் பார்க்காமல் ஜெனரேட்டரையே பார்த்து வாசித்தான். அது நிற்கவில்லை. பதினோரு சொந்தப் பாட்டையும் ஊர் பொறுமையாகக் கேட்டது. ஆறாவது பாட்டில், "அந்த மொதச் சத்தத்தப் போடுங்கப்பா, தூக்கம் வருது" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. வேனில் திரும்பும்போது பாலமுரளி பெட்டி மேல் தலையை வைத்துத் தூங்கினான். அப்படித் தூங்கி ரொம்ப நாளாகியிருந்தது.

அடுத்த வாரம் நல்லகாமன் ஜவுளிக்கடைக்கு வந்தார். பாலமுரளியும் அங்கே இருந்தான்.

"மொதலாளி, அந்தக் கேசட்டு ஒண்ணு வேணுமே."

"ஒண்ணு என்ன, எத்தனை வேணும்?" நாகசுப்பிரமணியன் கல்லாப் பெட்டியைச் சாத்தினார்.

"எங்க பக்கம் காட்டுக்காரய்ங்க பூராம் கேக்குறாய்ங்க. ஒரு இருபது போடுங்க."

நாகசுப்பிரமணியன் கல்லாவை விட்டு எழுந்து, கடையில் இருந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் கிராமத்து மக்களின் ரசனை பற்றிப் பேசத் தொடங்கினார். நல்லகாமன் பாலமுரளி பக்கம் குனிந்தார். "தப்பா நெனைக்காதீக தம்பி. கடலைக் காட்டுல மயிலு தொல்லை தாங்கல. அன்னைக்கு நீங்க போட்டதுல மேலக்காட்டுல ஒரு மயிலு நிக்கல."

பாலமுரளி அன்றே இருபது கேசட் பிரதி எடுத்தான். ஒவ்வொன்றையும் ஹலோவுக்கு முன்னால் நிறுத்தினான். மேலே 'பிரபஞ்ச நாதம், ஆக்கம்: பாலமுரளி' என்று எழுதினான். சுயம்பு குழுவின் வரலாற்றில் ஜனங்கள் கேட்டு வாங்கிய ஒரே கேசட் அதுதான்.

மயில்கள் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்து, காட்டில் அந்தக் கேசட்டை அலறவிட்டிருந்த டேப் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே நின்று கடலை தின்றன.