எடையே தெரியாத பை

தமிழ்செல்வி நாள் முழுக்க மனிதர்களை மூச்சு விடாமல் நிற்க வைத்துச் சம்பளம் வாங்குகிறவள். திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஓர் எக்ஸ்ரே சென்டரில் அவள்தான் டெக்னீஷியன். தாடையைத் தூக்குங்க, தோளை முன்னால தள்ளுங்க, மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, ஆடாதீங்க, விடுங்க. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே மந்திரம். அதனாலோ என்னவோ, சொந்தமாக ஒரு கேமரா வாங்கியதும் அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் வந்தது. மூச்சு விடுகிற ஒரு மனிதனைப் படம் எடுக்க வேண்டும்.

இந்த ஊரில் அது லேசில் நடக்கிற காரியம் இல்லை. கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்குக் கேமரா பை தெருக்கோடியில் திரும்பும்போதே தெரிந்துவிடும். கறுப்பாக, புடைப்பாக, பட்டையும் ஜிப்புமாக ஒன்று தோளில் தொங்கிக்கொண்டு வந்தால் போதும். பீடி அணையும். ஜடை முன்னால் வந்து விழும். வலது கை ஆசீர்வாதத்துக்கு உயரும், இடது கை தட்டை ஒழுங்கு செய்யும். பல தேசத்துக்காரர்கள் பல வருடமாகப் பழக்கிவிட்டுப் போன ஒழுக்கம் அது. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பார்த்தால் கண்ணீர் விடுவார்.

அவர்களில் ஒருவர்தான் சார்ஜர் சாமி. அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடைக்கு எதிரே புங்கமரத்தடியில் இருப்பவர். துறந்ததெல்லாம் போக அவரிடம் மிஞ்சியது ஒரு கம்பளி, ஒரு திருவோடு, ஒரு போன், ஒரு சார்ஜர். விடிந்ததும் முதல் வேலையாகச் சார்ஜரோடு டீக்கடைக்குப் போவதால் அந்தப் பெயர். ஒருநாள் காலை, வேலைக்குப் போவதற்கு முன் வழக்கம்போல் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்துகொண்டிருந்த தமிழ்செல்வி அவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டாள். போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பல்லில்லாத வாய், தாடி, ஜடை, தொப்பை எல்லாம் தனித்தனியாகக் குலுங்கின. இதுதான், இதுதான் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பையைத் திறந்தாள். முதலில் ஒரு கொக்கி. பிறகு ஒரு ஜிப். உள்ளே இன்னொரு ஜிப். அதற்கும் உள்ளே ஒட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று, பிரிக்கும்போது பர்ர்ர் என்று பழைய வேட்டி கிழிகிற சத்தம் போட்டது. அவள் கேமராவைக் கண்ணில் வைத்தபோது சாமி உலகத்துத் துக்கத்தையெல்லாம் மொத்தக் கொள்முதல் செய்தவர் மாதிரி கண்ணை மூடிக் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தார். வேறு வழியில்லாமல் அதைத்தான் எடுத்தாள். ஆதார் அட்டைக்கு எடுத்தது போல வந்திருந்தது.

குற்றவாளி பைதான் என்று அன்றே தீர்மானித்துவிட்டாள். அது கணவன் பலராமன் வாங்கித் தந்த பை. தண்ணீர் மோட்டார் கடை வைத்திருப்பவன், எதையும் குதிரைத்திறனில் அளப்பவன். இரண்டு கேமரா, நாலு லென்ஸ், ஒரு லேப்டாப் கொள்ளும் பையைப் பார்த்து வாங்கினான். அவளிடம் இருந்தது ஒரு கேமரா, ஒரு லென்ஸ். மீதி இடம் வீணாகக் கூடாதென்று குடையும் தண்ணீர் பாட்டிலும் ஒரு டார்ச்சும் அவனே வைத்து அனுப்பினான். தோள் பிடித்துக்கொண்டது. சென்டரிலேயே ஒரு படம் எடுத்து டாக்டரிடம் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, பையில்தான் இருக்கிறது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேரடித் தெருவில் ஒரு பைக்கடைக்குப் போனாள். கடைக்காரர் குமரேசன் எந்தப் பையையும் அது எத்தனை நாள் துணி கொள்ளும் என்றே விற்றுப் பழகியவர்.

“இது ஒரு வாரத்துக்கு வரும்மா. டெல்லி போய்ட்டு வந்துடலாம்.”

“நான் அடி அண்ணாமல வரைக்கும்தாங்க போறேன்.”

“அப்போ பை எதுக்கும்மா?”

நியாயமான கேள்விதான். தன் தேவையை அவள் பொறுமையாக விளக்கினாள். எடை கம்மியாக இருக்க வேண்டும். தோளில் அழுத்தக் கூடாது. சத்தம் போடாமல் திறக்க வேண்டும். முக்கியமாக, கேமரா பை மாதிரி இருக்கக் கூடாது. குமரேசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, குறுக்கே மாட்டிக்கொள்ளும் சின்னப் பை ஒன்றை எடுத்துப் போட்டார். எடை கம்மி, பட்டை மெத்தென்று இருந்தது, ஒரே ஜிப். ஆனால் நெற்றியில் ஒரு கேமரா கம்பெனியின் பெயர் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதுதான் இதற்கு அழகே என்றார் குமரேசன்.

வாங்கிவந்து, சென்டரில் கட்டுப் போடும் பிளாஸ்திரியை அந்தப் பெயரின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். மறுநாள் புங்கமரத்தை நெருங்குவதற்குள்ளேயே சார்ஜர் சாமி கண்ணை மூடிக் கையை உயர்த்திவிட்டார். அவள் தயங்கி நின்றாள். கண்ணைத் திறக்காமலேயே சாமி விசாரித்தார்.

“இன்னாமா, பைக்கு அடி பட்டுச்சா?”

அன்றைக்கு அவள் படம் எதுவும் எடுக்கவில்லை.

தீர்வு மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்தது. டிபன் பாக்ஸை வெளியே எடுத்தவள் கையில் இருந்த காலி லஞ்ச் பேக்கையே வெறித்துக்கொண்டிருந்தாள். ரிசப்ஷனில் இருக்கும் பூஜா, என்னக்கா, குழம்பு கொட்டிடுச்சா என்று எட்டிப் பார்த்தாள். கொட்டவில்லை. ஊதாப் பூ போட்ட துணி, நடுவில் ஸ்பாஞ்ச், உள்ளே வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு விரிப்பு, தோளில் மாட்ட ஒரு பட்டை, எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கிக்கொண்டு ஓசையே இல்லாமல் போகும் ஒரு ஜிப். ஊரில் வேலைக்குப் போகும் பெண்களில் பாதிப் பேர் தோளில் இப்படி ஒன்று தொங்குகிறது. எந்தச் சாமியார் எந்தக் காலத்தில் லஞ்ச் பேக்குக்கு ஆசீர்வாதம் செய்திருக்கிறார்?

மறுநாள் கேமராவை அதில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். தோளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடிக்கும் தெரியவில்லை. பலராமன், சாப்பாடு இவ்வளவு சீக்கிரமா ரெடியா என்று கேட்டான். அதற்குமேல் ஒரு சான்றிதழ் வேண்டுமா?

ஒரே ஒரு விஷயத்தை அவள் யோசிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது இனிமேல் கேமரா பை. பாதையோரத்துக் குரங்குகளைப் பொறுத்தவரை அது இன்னமும் லஞ்ச் பேக். வருடக்கணக்கில் ஊறிப்போன புளிசாத வாசனை ஒருநாள் துவைத்ததில் போய்விடவா போகிறது? உணவுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கக் கூடாது என்பது திருவண்ணாமலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அவள்தான் உணவு எடுத்துப் போகவில்லையே.

புங்கமரம் கண்ணில் பட்டது. சாமி கண் திறந்திருந்தார். கை கீழே இருந்தது. போனைப் பார்த்துக்கொண்டு, காதைக் குடைந்துகொண்டு, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவள் ஜிப்பைத் தொட்ட நேரத்தில் மதில்மேலிருந்து ஒரு கடுவன் குரங்கு இறங்கியது. அவசரமே இல்லாமல் வந்து, வாடகை வசூலிக்க வந்தவர் போலப் பட்டையைப் பிடித்து இழுத்து, பையோடு மதில் ஏறிவிட்டது.

தமிழ்செல்வி கத்திய கத்தலில் டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்தார். குரங்குக்கு ஜிப் பிடிபடவில்லை. பையைத் திருப்பி அடியில் ஒரு கடி கடித்துத் துணியைப் பிய்த்தது. ஓட்டை வழியாக லென்ஸ் எட்டிப் பார்த்தது. குரங்கு அதில் தன் முகத்தைப் பார்த்து, அந்தக் குரங்கைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. இத்தனைக்கும் நடுவில் சார்ஜர் சாமி சிரித்துக்கொண்டிருந்தார். கம்பளியில் கையூன்றிக்கொண்டு, இருமிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவள் தேடிக்கொண்டிருந்த அதே சிரிப்பு. கேமரா மதில்மேல் இருந்தது.

ஒருவழியாகச் சாமி எழுந்து, கம்பளியை விரித்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் டீக்கடை பிஸ்கட் ஒன்றை நீட்டினார். குரங்கு வியாபாரத்துக்கு ஒத்துக்கொண்டது. பை கம்பளியில் விழுந்தது. லென்ஸ் விளிம்பில் பல் தடம் இருந்ததே தவிர வேறு சேதமில்லை. அவள் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் சாமி தன் போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் தமிழ்செல்வி. வாய் பிளந்து, கொண்டை அவிழ்ந்து, ஒரு கால் தரையிலேயே இல்லாமல்.

“நல்லா வந்துக்குது பாரு.”

“அய்யோ சாமி, அழிச்சிடுங்க.”

“நான் ஏன் அழிக்கறேன்? நீ எக்ஸ்ரே அம்மாதான? இருமல்னு வந்தப்ப மூச்ச புடி புடின்னு என்ன எவ்ளோ நேரம் நிக்க வச்ச. உன்னப் பாத்தாலே எனுக்கு நெஞ்சு விறச்சிக்கும். இப்பத்தான் கொஞ்சம் உடுது.”

அவளுக்கு அன்று வேலையே ஓடவில்லை. தன்னைக் கேட்காமல் எடுத்த படம் ஒரு சாமியாரின் இடுப்பில் செருகிய போனில் இருக்கிறது என்பது பல் இடுக்கில் மாட்டிய நார் போல உறுத்திக்கொண்டே இருந்தது. தான் இத்தனை நாளாக அவருக்குச் செய்யப் பார்த்ததும் அதேதானே என்ற எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் அதை அனுப்பிவிட்டாள்.

காரணம், பையின் ஓட்டை. பலராமன் தூக்கிப் போடச் சொன்ன பையை எடுத்து அதற்குள் கேமராவை வைத்துப் பார்த்தாள். தையல்காரர் அளவெடுத்து வெட்டினாலும் அப்படி அமையாது. லென்ஸ் சரியாக அந்த ஓட்டையில் வந்து உட்கார்ந்தது. ஜிப் வழியாக ஒரு விரலை விட்டால் பட்டன். இனி பையைத் திறக்கவே வேண்டாம். மிளகுத்தூளைக் கரைத்துப் பையின்மேல் தடவி, குரங்குக்கும் வழி செய்தாள்.

விடிந்ததும் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தோளிலிருந்து பையைக் கழற்றாமலே மடிக்கு இழுத்து, ஓட்டையைப் புங்கமரத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு டீயை உறிஞ்சினாள். எதிரே சார்ஜர் சாமி போனைப் பார்த்தார். தாடி அசைந்தது. தொப்பை அசைந்தது. சிரிப்பு கிளம்பிவிட்டது. அவள் விரல் பட்டன்மேல் இருந்தது.

சாமி தலையை நிமிர்த்தவில்லை.

“ஓட்ட வழியா எடுக்காதமா. வெளிச்சம் பத்தாது.”

தமிழ்செல்விக்கு உடம்பு கல்லாகிவிட்டது. டீ டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. தாடை தூக்கியபடி, தோள் முன்னால் தள்ளியபடி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ.

“மூச்ச உடு,” என்றார் சாமி.

விட்டாள். அவர் எழுந்து வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நேரம் எதைப் பார்த்துச் சிரித்தாரோ அதைக் காட்டினார். வாய் பிளந்து, கொண்டை அவிழ்ந்து, ஒரு கால் தரையில் இல்லாமல். டல்லா இருந்தா எடுத்துப் பாத்துக்குவேன் என்று விளக்கமும் சொன்னார். அவள் கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் அந்தரத்தில் நின்ற அந்தக் காலை உற்றுப் பார்த்ததும் மூக்கில் டீ ஏறிவிட்டது. அவள் சிரிக்க, அவர் சிரிக்க, பெஞ்சு ஆட, டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் காரணம் தெரியாமலே சிரித்தார். சாமியின் முகம் ஒரு சாண் தூரத்தில், காலை வெயில் நேராக விழ, பல்லில்லாத வாய் முழுசாகத் திறந்து கிடந்தது.

சிரித்து ஓய்ந்து, டீ டம்ளரை வைத்துவிட்டு, ஸ்கூட்டியைக் கிளப்பிப் பேருந்து நிலையம் வரை வந்த பிறகுதான் அவள் கை தோளுக்குப் போனது. பை அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது, கேமராவும் உள்ளேயேதான் இருந்தது.

சாயங்காலம் பலராமன், அந்தச் சிரிப்பு கிடைத்ததா என்று கேட்டான். அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

“பை நல்ல பைங்க,” என்றாள். “தோள்ல இருக்கறதே தெரியல.”