வால்வு சூடேறும் நேரம்

பல்கலைக்கழக வானொலியில் வாராவாரம் ‘வானொலியின் கதை’ சொல்லிவந்தவளை ஒரு சந்தேகம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. இதை யாராவது கேட்கிறார்களா? ஒலிப்பதிவு அறைச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு அவள் சொன்னதையெல்லாம் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது. வீட்டிலும் அதே கதைதான். “இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு” என்பார் கணவர், நிகழ்ச்சி இல்லாத நாளிலும்.

இப்போது அதே சந்தேகம் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் வந்துவிட்டது. யாரும் கேட்காத நிலையத்தை மூடி, அறையை ஜெராக்ஸ் கடைக்கு விடலாம் என்று வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டிருந்தார்.

“நேயர் கடிதம்னு நாமளே நாலு எழுதிப் போட்டுடலாமா?” என்றார் ஒலிப்பதிவாளர். பொசுக்கென்று எரிந்துபோகிறவர் என்பதால் அவருக்கு ஃபியூஸ் என்று பெயர்.

“உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்ணே, மாட்டிக்குவோம். சரியா சொன்னா எவனும் வாயைத் திறக்க மாட்டான். தப்பா சொல்லிப் பாப்போம்.”

அன்றே மைக்கின் முன் தேன் குரலில் சொன்னாள்: “அந்தக் கால வால்வு ரேடியோவில் குமிழைத் திருப்பிய மறுநொடியே பாட்டு கொட்டும்.”

கண்ணாடிக்கு அப்பால் ஃபியூஸ் தலையில் அடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, உள்ள இருக்கற வால்வு சூடேறினாத்தானே பாட்டு வரும்? மானம் போச்சு!”

“போகட்டும்ணே. யாராவது எடுத்துக்கிட்டு வந்து குடுப்பாங்கல்ல?”

யாரும் வரவில்லை. தொலைபேசிக்கு உயிர் இருக்கிறதா என்று இரண்டு முறை காதில் வைத்துப் பார்த்தாள். இருந்தது. உண்மை சொன்ன காலத்தில் இல்லாத வலி அப்போது வந்தது. தன் பொய்க்குக்கூட ஓர் ஆள் இல்லையே!

கூட்டத்தில் பதிவாளர் கோப்பைத் தட்டினார். “நான் ஒரு நாள்கூட கேட்டதில்ல. யாருமே கேக்கறதில்ல. பேசற லட்சணம் அப்படி! வால்வு ரேடியோ போட்டதும் பாடுமாமே? எங்கப்பா ரேடியோவைப் போட்டுட்டு சவரமே பண்ணி முடிச்சிடுவாரு. அப்புறம்தான் அது தொண்டையைக் கனைக்கும்!”

 மூலையில் உட்கார்ந்திருந்த ஃபியூஸின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

“கேட்டதே இல்லைன்னீங்களே, சார்?” என்றாள், பால் குடிக்கும் பூனை முகத்தோடு.

“அது... கார்ல டிரைவர் போடுவான். காதுல விழும்.”

“டிரைவர் மாசக்கணக்கா லீவுலல்ல இருக்கான்?” என்றார் பக்கத்தில் இருந்த நிதி அதிகாரி, பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

பதிவாளரின் காது சிவந்தது. “அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த வாரமே அந்தத் தப்பைத் திருத்தியாகணும்!”

“அடுத்த வாரம் நிலையம் இருந்தா கட்டாயம் திருத்திடறேன், சார்.”

 பதிவாளர் கோப்பை மூடி, தன் முழங்கைக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.

அடுத்த வாரம் மைக்கின் முன் உட்கார்ந்து, எழுதிவைத்த தாளை இரண்டு முறை நேராக்கி வைத்தாள். இத்தனை காலம் சுவரோடு பேசியதில் பயமே இருந்ததில்லை. இப்போது எங்கோ ஒருவர் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குரல் உடனே எழவில்லை. சூடேறட்டும் என்று காத்திருந்தாள்.

தப்பை ஒழுங்காகத் திருத்தினாள். பிறகு, போகிற போக்கில், “டிரான்சிஸ்டர் வந்த பின் ரேடியோ பெட்டிகள் பீரோ அளவுக்குப் பெருத்துப்போயின” என்றாள்.

தொலைபேசி அலறியது. எடுக்கப் போன ஃபியூஸைக் கண்ணாடி வழியே கையமர்த்தினாள். இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்.