ரத்தான அறை

அது மார்ச்சா ஏப்ரலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. எங்கள் ஊர் குத்தைசியில் மழை பெய்துகொண்டிருந்ததாக நினைக்கிறேன். அங்கே எப்போதுதான் மழை இல்லை? கீழே வரும் பேச்சுகளில் சில நானாக நிரப்பியவையாகவும் இருக்கலாம். நான் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் நிச்சயம். அதை வேறு மாதிரி நினைவுகொள்ளப் பல முறை முயன்று தோற்றிருக்கிறேன்.

நாத்தேலா எங்கள் தெரு ரொட்டிக்கடையில் அடுப்புக்குள் குனிந்து மாவை ஒட்டுகிறவள். அவள் தங்கை மாக்கா மணமாகி, முறையான தாள்களோடு இத்தாலியில், பாரி நகரத்தில் இருந்தாள். வயிற்றில் இரட்டைப் பிள்ளை. பிரசவத்துக்கு இரண்டே வாரம். கணவன் லாரி ஓட்டுகிறவன். எந்த நாளில் எந்த நாட்டில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

"நீ வராம நான் ஆஸ்பத்திரிக்குள்ள கால் வைக்கமாட்டேன்க்கா" என்று மாக்கா போனில் அழுதாள்.

விசா தேவையில்லை. எங்கள் பாஸ்போர்ட்டுக்குத் தொண்ணூறு நாள் வரை அனுமதி உண்டு. திரும்பும் டிக்கெட், காப்பீடு, கைச்செலவுக்குப் பணம், தங்குமிடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். விடுதிப் பதிவு இல்லாவிட்டால் அங்கே இருப்பவர் எழுதிய அழைப்புக் கடிதமும் போதும். மாக்கா கடிதம் எழுதத் தயாராக இருந்தாள்.

நான்தான் தடுத்தேன். இத்தாலிக்கு மூன்று முறை போய் வந்தவள் என்பதால் தெருவில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு.

"சொந்தக்காரங்க இருக்காங்கன்னு வாயத் தொறந்தே, தொலைஞ்சே. இவ வேலை செய்யத்தான் வந்திருக்கான்னு அங்க இருக்கிற அதிகாரி முடிவு பண்ணிடுவான். சுற்றுலான்னு சொல்லு."

"சுற்றுலாவா? என் கையப் பாருடி. முழங்கை வரைக்கும் அடுப்புச் சூடு. இந்தக் கைய வச்சுக்கிட்டா?"

"கைக்கா முத்திரை குத்தப் போறான்? பாஸ்போர்ட்டுக்குத்தானே!"

எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். சந்தை முனையில் கோச்சா என்பவன் விடுதி அறை பதிவு செய்து தாள் தருவான். விமானம் கிளம்பியதும் அறையை ரத்து செய்துவிடுவான். அவளுக்கும் எனக்கும் அவனே தாள் கொடுத்தான். அதே விமானத்தில் நானும் பாரியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

விமானத்தில் நாத்தேலாவின் கால்கள் ஓயவில்லை. பெல்ட்டைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"கோயில், கோட்டை, கடற்கரை. சரிதானே? கோட்டை எந்தப் பக்கம்னு கேட்டா?"

"கேக்க மாட்டான்."

"கேட்டா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாரி விமான நிலையத்தில் அவள் ஒரு வரிசையில், நான் பக்கத்து வரிசையில். எதற்கு வந்தாய் என்று அதிகாரி கேட்டதும் "கோயில் கோட்டை கடற்கரை" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பிளம் சட்னி புட்டி, குட்டிப் போர்வை இரண்டு, கட்டைவிரல் நீளத்தில் கம்பளிக் காலுறைகள்.

மொழிபெயர்க்க வந்த பெண் எங்கள் நாட்டுக்காரிதான். "இதெல்லாம் கடற்கரைக்காம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

அதிகாரி விடுதிக்குப் போன் செய்தார். அறை ரத்தாகி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் நாத்தேலா என்னைப் பார்த்தாள். மொழிபெயர்த்த பெண்ணும் திரும்பினாள். "இவங்க உங்ககூட வந்தவங்களா?"

என் கையிலும் கோச்சாவின் தாள்.

"இல்லை" என்றேன்.

"என் தங்கச்சி இங்க இருக்கா! பிரசவம்! போன் நம்பர் தரேன்!" என்று நாத்தேலா கத்தினாள். அதிகாரி தலையை ஆட்டினார். ஒரே மேசையில் இரண்டு கதைகள். அவர் எதை நம்புவார்? பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையின் மேல் கறுப்பு மையில் பெருக்கல் குறி விழுந்தது. அதே விமானத்தில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். என் வரிசை அதிகாரி விடுதிக்குப் போன் செய்யவில்லை, என்னை உள்ளே விட்டார்.

நான் ஊர் திரும்பி ஒரு வாரம் ரொட்டி வாங்கப் போகவில்லை. போன அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த மாசம் என் அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்க என்ன சொல்லணும்னு கொஞ்சம் சொல்லிக் குடேன்."

நான் வாய் திறக்குமுன் நாத்தேலா அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லு. அவர்கிட்ட கடிதம் வாங்கிட்டுப் போ. என் தங்கச்சி உண்மை, அவ வயித்துல இருந்த புள்ளைங்க உண்மை. நான் கொண்டுபோனதுல பொய்யின்னு இருந்தது காசு குடுத்து வாங்குன தாள் ஒண்ணுதான். அதுதான் என்னைத் திருப்பி அனுப்புச்சு. ஊரே சொல்லுதுன்னு நேர் வழிய விட்டுட்டுப் பொய்யில நடக்காதே."

அந்தப் பெண் போன பிறகு, "அன்னிக்கு என்னையும் கேட்டாங்க, நாத்தேலா. நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றாள். ரொட்டியைத் தாளில் சுற்றி நீட்டினாள்.

மாக்கா அக்கா இல்லாமல்தான் பெற்றாள். பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண் உடனிருந்தாள். இரண்டும் பெண் குழந்தைகள், நலம். ஜூனில் நாத்தேலா தங்கையின் கடிதத்தோடு போனாள். இரண்டு நிமிடத்தில் உள்ளே விட்டார்கள். எண்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள். கோச்சா இப்போது போன் உறைகள் விற்கிறான். நான் தினமும் நாத்தேலாவிடம்தான் ரொட்டி வாங்குகிறேன். எனக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சூடான ரொட்டியைத்தான் கொடுக்கிறாள், பேசுவதில்லை.