மாடிக்காரரு சோலி

எனக்குச் சத்தமாத்தான் பேச வரும். மதுரை கோச்சடையில வீட்டோட சேர்ந்தாப்புல மாவு மில்லு வச்சிருக்கேன். மெஷினு ஓடுறப்ப ‘இது யாரு வாளி, கோதுமையா கேப்பையா’ன்னு காதுக்குள்ளயா கேக்க முடியும்? கத்திக் கத்திப் பழகின தொண்டை, மெஷினை நிப்பாட்டினாலும் நிக்காது. அதுக்காக பொம்பள என்னைய ரவுடின்னு ஒருத்தரு நெனச்சா நான் என்ன செய்யிறது?

நெனச்சாரு. எங்க மாடிக்குக் குடிவந்த தணிகைவேலு. மெட்ராஸ்காரரு. அவரு சம்சாரத்துக்கு பேங்குல இந்த ஊருக்கு மாத்தல். இவரு வீட்டுக்குள்ளயே கம்ப்யூட்டர வச்சு வேலை பாக்குறவரு. பால் காச்சுன அன்னைக்கு, புதுசா வந்திருக்காகளேன்னு ஒரு சீப்புப் பழமும் பூவும் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கி வச்சுட்டு, சிரிச்ச மொகமாவே கேக்குறாரு, இங்க எல்லார் வீட்லயும் அருவா இருக்குமாமே, நிஜமாங்கன்னு. இருக்கு, தேங்கா ஒடைக்கன்னேன். அவரு சம்சாரத்தப் பாத்தாரு, அந்தப் பொண்ணு அவரப் பாத்துச்சு. எனக்கு அன்னைக்கே சுருக்குன்னுச்சு.

அதுக்கப்புறம் எடுத்ததுக்கெல்லாம் குத்தம். சாப்ட்டீங்களான்னு கேட்டா, எதுக்குக் கேக்குறீங்கங்கிறாரு. எங்க கெளம்பிட்டீங்கன்னு கேட்டா வேவு பாக்குறோமாம். எதுத்த வீட்டுக் காதுகுத்துக்கு பிளக்ஸ் கட்டியிருந்தாங்க. மாமன் மச்சான்னு வரிசையா மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கிறாங்க. அத போட்டோ எடுத்து மெட்ராஸ்ல யாருக்கோ அனுப்பிட்டு, எங்க தெருவப் பாருன்னு சிரிக்கிறாரு. பக்கத்துல மொட்டைத் தலையோட ஒரு பச்சப்புள்ள படம் இருந்துச்சு, அது அவரு கண்ணுல படல. கீழ இருக்கிற எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்னா படியிறங்கி வரமாட்டாரு. வாட்ஸப்புல இங்கிலீஷ்ல அனுப்புவாரு. என் தம்பி ராம்கிதான் படிச்சுச் சொல்லுவான்.

இந்த ராம்கியப் பத்திச் சொல்லணும். எங்க அப்பா போனதுல இருந்து நான் வளத்த புள்ள அவன். ஃபயர் சர்வீசுக்குப் பரீட்சை எழுதி, ஓடி, கயிறு ஏறி, செலக்ட் ஆகிட்டான். போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி. அவன் மேல ஒத்தக் கேசு இருந்தாலும் அம்புட்டுத்தான், வேலை போச்சு. வயசு வரம்பும் தாண்டிருச்சு, திரும்ப எழுத முடியாது. அதனால, எவனாச்சும் வம்பிழுத்தாக்கூட வாயப் பொத்திக்கிட்டு வந்துருடான்னு தெனமும் சொல்லித்தான் வெளிய அனுப்புவேன்.

அப்பேர்ப்பட்ட நேரத்துல வாசல்ல நின்ன தணிகைவேலு காரு மேல, எங்க வீட்டுத் தென்னமரத்துல இருந்து காஞ்ச மட்டை ஒண்ணு விழுந்துச்சு. கார்ல ஒரு கீறல்கூட இல்ல. வாட்ஸப்புல முழ நீளத்துக்கு இங்கிலீஷு வந்துருச்சு. நியாயந்தான், மனுசன் தலையில விழுந்திருந்தா? காஞ்ச மட்டையெல்லாம் வெட்டி மரத்தக் கழிச்சு விட்ருவோம்னு ராம்கிகிட்டச் சொன்னேன். சமயநல்லூர்ல வெள்ளைத்துரை அண்ணேன்னு ஒருத்தரு, மரமேறுறவரு. அவருக்கு ராம்கி போன் போட்டான். மில்லு சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு மாடிப்படியில ஏறி நின்னுக்கிட்டுப் பேசினான். பேசினது என்னன்னா:

“அண்ணே, மாடிக்காரரு சோலிய இன்னைக்கே முடிச்சுவிட்ருவோம். ஆளு வீட்லதான் இருக்காரு. அருவாளோட வந்துருங்க.”

எங்க பக்கம் சோலின்னா வேலை. சோலி கெடக்கு, சோலியப் பாரு, ஒனக்கு வேற சோலி இல்லையா, எல்லாத்துக்கும் அதே சோலிதான். காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் அந்த வார்த்தை இல்லாம எங்களுக்குப் பேச்சு கெடையாது. ஆனா சினிமாவுல வில்லன் ஒருத்தன் சோலிய முடிச்சுருங்கடான்னு சொன்னான்னா கொலை. மெட்ராஸ்காரரு எங்க பாஷையப் படிச்சது அங்கதான.

வெள்ளைத்துரை அண்ணே டி.வி.எஸ்ஸுல வந்து எறங்குனாரு. இடுப்புல கயிறு, கையில அருவா. காரை நவுத்துனாத்தான் மட்டைய வெட்டிப் போட முடியும். சாவி வாங்க ரெண்டு பேரும் மாடிக்குப் போனாங்க. கதவு தொறக்கல. ராம்கி தட்டியிருக்கான். தட்டிட்டு, “சார், கதவத் தொறங்க, சோலி சட்டுன்னு முடிஞ்சிரும்”னு வேற சொல்லியிருக்கான். கூறுகெட்ட பய.

போலீஸ் ஜீப்பு வந்தப்பதான் எனக்கே விஷயம் தெரியும். மூஞ்சியெல்லாம் மாவோட ஓடி வந்து பாக்குறேன், ரெண்டு பேரையும் ஏத்திட்டாங்க. அருவாளையும் எடுத்து உள்ள வச்சுக்கிட்டாங்க. தெருவே நின்னு பாக்குது. மேல ஜன்னல் திரை மட்டும் லேசா வெலகி மூடுச்சு. மெஷினை நிப்பாட்டிட்டுப் பின்னாடியே ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ஸ்டேஷன்ல இருந்த எஸ்.ஐ. அம்மா இந்தப் பக்கத்துப் பொண்ணு. நான் பாதி சொல்றப்பவே புரிஞ்சுக்கிட்டு வாயப் பொத்திச் சிரிச்சுச்சு. அப்புறம் சிரிப்ப நிப்பாட்டிருச்சு. கொலை மிரட்டல்னு மாடிக்காரரு எழுத்துல குடுத்துட்டாரு, அருவாளும் கையில இருந்திருக்கு. அவரே தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு எழுதிக் குடுத்தா இங்கயே விட்டுரலாம், இல்லன்னா கேசு போட்டுத்தான் ஆகணும்னு சொல்லுச்சு. வெளிய பெஞ்சுல புருசனும் பொண்டாட்டியும் ஒக்காந்திருக்காங்க, போய்ப் பேசிப்பாருங்க, ஆனா கொரல ஒசத்துனீங்கன்னா மிரட்டுறீங்கன்னு அதையும் சேத்து எழுதிருவாரு, அப்புறம் என்னால ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்லுச்சு.

நான் போய் நின்னேன். சோலின்னா வேலைங்க, தென்னமரம் கழிக்கிற வேலை, நீங்க கேட்ட வேலைதானேன்னு எடுத்துச் சொன்னேன். அவரு சம்சாரம் தலையக் குனிஞ்சுக்கிச்சு, அதுக்குப் புரிஞ்சிருச்சு. அவருக்கும் புரிஞ்சுதான் இருக்கு. ஆனாலும் எழுத மாட்டேங்கிறாரு.

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னே வச்சுக்கங்க மேடம். ஆனா இது மதுரை. கம்ப்ளைண்ட் குடுத்தவனை நாளைக்கு வெளிய வந்து உங்க தம்பி சும்மா விடுவாரா? உள்ள இருந்தாதான் எங்களுக்கு சேஃப்டி.”

கேட்டீங்களா நியாயத்த? ஒண்ணும் செய்யாதவன் வெளிய வந்தா செஞ்சிருவானாம், அதனால உள்ள இருக்கட்டுமாம். நல்லா நாலு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துருச்சு. மில்லுல ஒருத்தி அரிசியில கல்லக் கலந்துட்டு என்னையக் குறை சொன்னா நான் விடுற டோஸுல தெருமுனை வரைக்கும் ஆளு நிக்காது. அந்த வாய வச்சுக்கிட்டு, கயிறு ஏறி ஏறி உரிஞ்சுபோன ராம்கி உள்ளங்கைய நெனச்சுக்கிட்டு, பல்லக் கடிச்சேன்.

டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணு பேசுமே, அந்த மாதிரி ஆரம்பிச்சேன். “ஐயா, எங்க பக்கம் நடந்த தவறுக்கு மன்னிச்சுக்கங்க. உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வராது. அதுக்கு நான் பொறுப்பு. தயவுசெஞ்சு எழுதிக் குடுங்க.” நடக்காத தப்புக்கு மன்னிப்பு. கையெடுத்துக்கூடக் கும்பிட்டேன். எனக்கே என் கொரலு யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு.

அவரு மொகம் தெளிஞ்சிருச்சு. பேனாவ எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டு, நிமுந்து பாத்து, ரொம்பப் பாராட்டுற மாதிரி சொன்னாரு:

“இப்படிப் பேசினா எவ்ளோ நல்லாருக்கு பாருங்க. உங்களப் பார்த்தா மதுரைக்காரங்க மாதிரியே தெரியல.”

கையெழுத்து இன்னும் போடல. ரொம்ப நன்றிங்கன்னு சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். எங்க அப்பாவத் தூக்கிட்டுப் போனப்பக்கூட நான் வாய இம்புட்டு அடக்கல.

எழுதி வாங்கி, ரெண்டு பேரையும் விட்டுட்டாங்க. வெள்ளைத்துரை அண்ணே அருவாளத் திருப்பிக் கேக்கக்கூடப் பயந்துக்கிட்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போயிட்டாரு. ராம்கி எனக்கு முன்னாலயே வெளிய வந்திருந்தான். புள்ள பயந்திருப்பான், ஒரு டீய வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டுப் போவோம்னு தேடுறேன். வேப்பமரத்துக்குக் கீழ நின்னு எவனுக்கோ போன் பேசிக்கிட்டிருக்கான். சிரிப்பு தாங்கல அவனுக்கு.

“மாப்ள, நான் பேசினதக் கேட்டே மெட்ராஸ்காரன் உள்ள நடுங்கிட்டான்டா. மதுரக்காரன்னா சும்மாவா?”

காலையில இருந்து அடக்கி வச்சதெல்லாம் கைக்கு வந்துருச்சு. விட்டேன் ஒரு அறை. போன் போயி சாக்கடை ஓரத்துல விழுந்துச்சு. அந்த ஆளு நம்மளக் கொலைகாரன்னு சொன்னதுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டு நின்னுட்டு வாரேன், இவன் அதையே மெடலா நெஞ்சுல குத்திக்கிட்டு நிக்கிறான்.

திரும்பினா, காருக்குப் பக்கத்துல தணிகைவேலு. எல்லாத்தையும் பாத்துட்டாரு. சம்சாரத்துப் பக்கம் திரும்பி, பாத்தியா, நான் சொன்னேன்லங்கிற மாதிரி தலைய ஆட்டுறாரு. அக்கா தம்பிய அடிக்கிறது எந்த ஊர்ல இல்ல? மெட்ராஸ்ல எவளும் கூடப்பொறந்தவன் மேல கைநீட்டுறது இல்லையா? அங்க அடிச்சா அக்கா அடிச்சிட்டா. இங்க அடிச்சா மதுரை அடிச்சிருச்சு. கூப்ட்டுச் சொல்லணும்னு வாயத் தொறந்தேன். இந்தக் கொரல்ல சொன்னா அதுக்கும் பயப்படுவாருன்னு மூடிக்கிட்டேன். காரை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ராம்கி கன்னத்தப் புடிச்சுக்கிட்டு நின்னான்.

“எதுக்குக்கா அடிச்ச?”

நெசமாவே அவனுக்குத் தெரியல.